இரண்டு ஏரிகளுக்கு நடுவே

பழவேற்காடு என்று சொன்னவுடனே பட்டணத்து நேயர்களுக்கு மூன்று சங்கதிகள் ஞாபகத்துக்கு வரும்: இறால், பூநாரை, டச்சுக்காரர் கல்லறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து, பறவையைப் பார்த்து, இறாலைச் சுவைத்து, கல்லறையின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நான் இந்தக் கரையில் பல வருஷங்களாக உபாத்தியாயனாக இருந்து வருகிறேன். எனக்குப் பழவேற்காடு என்றதும் நினைவுக்கு வருவது வேறு காட்சி. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்து நிற்கும் தாய்மார்களின் காட்சிதான் அது.

மீன்பிடிக்கும் ஊரில் காத்திருப்பதும் ஒரு தொழிலே. விடிவதற்கு முன்னால் ஆண்கள் படகு தள்ளிக்கொண்டு போகிறார்கள். பெண்கள் மீன் கூடையைக் கழுவி வைத்துவிட்டு, உலையை ஏற்றிவிட்டு, காற்றின் போக்கைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். உச்சிப் பொழுது தாண்டியும் படகு வரவில்லையானால் ஒருத்தியும் வீட்டுக்குள் இருக்கமாட்டாள். ஆனால் இந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. பொழுது சாய்வதற்குள் நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ கரைக்கு வந்து சேர்ந்துவிடும். பதினாறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அந்த வித்தையை எங்கள் குப்பத்துத் தாய் ஒருத்தி கற்றுக்கொண்ட விதத்தைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கரையை விட்டுப் போன பிள்ளை

என்னிடம் படித்த பையன் அவன். பெயர் வேண்டாம். தகப்பனார் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்பவர். வீட்டில் ஒரே ஆண் பிள்ளை. அவனுக்கு இளையவளாக ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் பௌதிகமும் நன்றாகத் தேறினான். 2022ஆம் வருஷம் ஜூன் மாதம் 14ஆம் தேதி இந்திய அரசாங்கம் 'அக்னிபத்' என்னும் திட்டத்தை அறிவித்தது அல்லவா? அதன்படி கடற்படையில் அக்னிவீரனாகச் சேர விண்ணப்பம் போட்டான். 2023ஆம் வருஷம் தீபாவளியை ஒட்டி அழைப்பு வந்துவிட்டது. ஒடிசா மாகாணத்தில் சில்கா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்கா என்ற பயிற்சி நிலையத்தில் பதினாறு வாரம் பயிற்சி. கடற்படையில் மாலுமியாகச் சேருகிறவர்களுக்கு அரிச்சுவடி கற்றுக்கொடுக்கும் இடம் அது. 1980ஆம் வருஷத்திலிருந்து நடந்து வருகிறது.

தகப்பனார் விண்ணப்பத்தோடு வந்த காகிதங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் மனைவி நிலைப்படியருகில் நின்றுகொண்டாள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். தவணை நான்கு வருஷம். முதல் வருஷம் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். நான்காம் வருஷம் 40,000. இதில் நூற்றுக்கு முப்பது பங்கு 'சேவா நிதி' என்று பிடிக்கப்படும். அரசாங்கமும் அதே அளவு போடும். நான்கு வருஷம் முடிந்து வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையில் மேற்கொண்டு நிரந்தர உத்தியோகத்தில் வைத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை.

"மீதி எழுபத்தஞ்சு பேரு இன்னா பண்ணுவாங்க சார்?" என்று கேட்டார் தகப்பனார்.

"ஊருக்குத் திரும்பி வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும்" என்றேன்.

அவர் சிறிது யோசித்தார். "நம்ம ஏரியே அப்படித்தானே சார். நாலு பேரு போனா ஒருத்தனுக்குத்தான் படுது" என்றார்.

அடுத்த வரியைப் படித்தேன். பணியில் இருக்கும்போது உயிருக்கு 48 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் என்று இருந்தது. தமிழில் அதை எப்படிச் சொன்னாலும் ஒரே அர்த்தந்தான். நான் சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது நிலைப்படியில் அந்த அம்மாள் இல்லை. தெருக்கோடியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

அன்று எனக்கு மனச்சாட்சி உறுத்தியது. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. உற்றவர்களைப் போரில் பறிகொடுத்த பெண் ஒருத்தி, எஞ்சி நின்ற ஒரே மகனுக்கும் தலை வாரிவிட்டு, கையில் வேல் கொடுத்து அனுப்பியதைப் பற்றியது. வருஷந்தோறும் அந்தப் பாட்டை வகுப்பில் உரக்கப் படித்து, மறக்குடித் தாயின் பெருமையை விஸ்தாரமாகப் பேசுவது என் வழக்கம். அந்தப் பையனும் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன்தான். அந்த மறத்தாய் பிள்ளையை அனுப்பிவிட்டு அன்று இரவு என்ன செய்தாள், அடுப்பு மூட்டினாளா, யாரோடு பேசினாள் என்பதை நானும் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை.

ஒரே இருப்புப் பாதை

பையன் புறப்படுவதற்கு முதல் நாள் அந்த அம்மாளின் பயம் வேறு பக்கம் திரும்பிற்று. அதே வருஷம் ஜூன் மாதம் 2ஆம் தேதி ஒடிசாவில் பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டதை யார் மறந்திருப்பார்கள்? "அந்த ரயிலு போற வழிதானே சார்?" என்றாள். பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தை எடுத்து வந்து விரித்தேன். பாலசோர் புவனேசுவரத்துக்கும் வடக்கே இருக்கிறது, பையன் அவ்வளவு தூரம் போகமாட்டான், சில்கா புவனேசுவரத்துக்குத் தெற்கே என்று காட்டினேன்.

அப்போதுதான் நானே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எங்களுக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் பொன்னேரி. பொன்னேரி வழியாகக் கூடூர், விஜயவாடா, விசாகப்பட்டணம் என்று போகும் அதே இருப்புப் பாதைதான் சில்கா ஏரிக்கரையை ஒட்டிச் சென்று, பிறகு கல்கத்தாவை எட்டுகிறது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் இருக்கலாம். உவர்நீர் ஏரிகளில் இந்தியாவிலேயே பெரியது சில்கா. அதற்கு அடுத்தது பழவேற்காடு. அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே தண்டவாளம் போட்டதுபோல் இருக்கிறது. அங்கேயும் மீனவர்கள் உண்டு. பனிக்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குவதும் உண்டு.

தகப்பனார் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஏரிக்கு வாயி திறந்திருக்குதா சார்?" என்று ஒரே கேள்வி கேட்டார். பழவேற்காட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். எங்கள் முகத்துவாரம் மணலால் தூர்ந்து போகும். அது மூடினால் ஏரிக்கு மூச்சு முட்டும். மீன் வரத்தும் குறையும். சில்காவிலும் அந்தக் கஷ்டம் இருந்தது. 2000ஆம் வருஷத்தில் புதிதாக ஒரு வாய் வெட்டிவிட்டார்கள், அதன் பிறகு மீன் பெருகிற்று என்று சொன்னேன். அவருக்குப் பெரிய திருப்தி. சம்பளம், தவணை எதுவும் தராத நிம்மதியை அந்த ஒரு சமாசாரம் தந்தது. வாய் திறந்த ஏரியின் கரையில் பிள்ளைக்குக் கெடுதல் வராது என்று அவர் தீர்மானித்துவிட்டாற்போல் இருந்தது.

இந்தக் கரையிலிருந்து பிள்ளைகள் தூர தேசம் போவது புதிய விஷயம் அல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். வெடிமருந்து செய்து கப்பலேற்றினார்கள். துணி மூட்டைகளோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான தமிழரும் தெலுங்கரும் இந்தத் துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்குக் கடிதம் வந்ததில்லை; திரும்பி வருகிற தேதியும் தெரியாது. தன் தேசத்தின் கொடியின் கீழ் நிற்பதற்காக ஒரு குப்பத்துப் பிள்ளை, ரயில் சீட்டும் திரும்பும் தேதியும் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவது எவ்வளவு பெரிய மாறுதல்! ஆனால் சரித்திரத்தின் ஆறுதல் சரித்திரம் படித்தவர்களுக்குத்தான். பொன்னேரி நிலையத்தில் வண்டி நகர்ந்தபோது அந்த அம்மாளுக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை.

முடியும் காணிக்கையும்

முதல் இரண்டு வாரம் வீட்டில் சோறு வடிப்பதில் கணக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. நான்கு பேருக்கு வடித்து வடித்துப் பழகின கை. மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வரும் என்று அவளே பிறகு சொன்னாள்.

பயிற்சிக் காலத்தில் நினைத்தபோது கைப்பேசியை எடுத்துப் பேச முடியாது. எங்கள் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் சில நிமிஷங்கள் பேசினான். அந்தச் சில நிமிஷங்களுக்காக ஆறு நாளும் கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொள்வாள் தாயார். மணி அடித்ததும் எல்லாம் மறந்து போய், "சாப்ட்டியா?" என்பது மட்டும் வாயில் வரும். அவன் "சாப்ட்டேம்மா" என்பான். நேரம் முடிந்துவிடும்.

இரண்டாவது வாரம் ஒரு புகைப்படம் வந்தது. தலை மொட்டையாக ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் வீட்டில் பெரிய கலவரம். பையனுக்கு உத்தியோகம் கிடைத்தால் திருத்தணி முருகனுக்கு முடி கொடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாளாம். சுவாமிக்குப் போக வேண்டியதைச் சர்க்கார் முந்திக்கொண்டுவிட்டதே என்று கவலை. "முடி வளருகிற பொருள்தானே, முருகன் அவசரப்படமாட்டார்" என்று நான் சமாதானம் சொன்னேன்.

சிரிப்பதற்கும் விஷயம் இல்லாமல் இல்லை. மாலுமிகளுக்கு நீச்சல் கட்டாயம். கடற்படையில் சேரும் பையன்களில் அநேகர் கடலையே பார்த்திராதவர்கள். அவர்களுக்கெல்லாம் நீச்சல் வகுப்பு நடக்கிறது என்று பையன் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். "எம்மவனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கிறாங்களாம்!" என்று தகப்பனார் குப்பம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த கடிதத்தில், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ராஜஸ்தானத்துப் பையனுக்குத் தண்ணீரைக் கண்டால் நடுக்கம், நான்தான் அவனுக்குத் தைரியம் சொல்லிக் கொடுக்கிறேன், அவன் எனக்கு ஹிந்தி சொல்லிக் கொடுக்கிறான் என்று எழுதியிருந்தான். தாயார் அந்த வரியை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். பிள்ளைக்குத் துணை ஒருவன் கிடைத்துவிட்டான் என்பது அவளுக்கு முக்கியம். அதுமுதல் அவளுடைய பிரார்த்தனையில் ராஜஸ்தானத்துப் பையனும் சேர்ந்துகொண்டான்.

புயலும் ஒரு பொய்யும்

டிசம்பர் மாதம் வந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் ஜில்லாவையும் எப்படி வாட்டியது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 5ஆம் தேதி பாபட்லா அருகே கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் விளக்கு எரியவில்லை. கைப்பேசிகள் எல்லாம் வெறும் கட்டைகளாயின. ஏரியும் கடலும் ஒன்றாகிவிட்டாற்போல் ஒரே தண்ணீர்.

படகை மேட்டுக்கு இழுக்கும்போது தகப்பனாரின் வலது கை படகுக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. இரண்டு விரல் நசுங்கிப் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு பொன்னேரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஆறு வாரம் வலையைத் தொடக்கூடாது என்றார்கள். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அவருடைய முறை வரும்போது கை இப்படி. மகன் இருந்தால் அவன் இழுத்திருப்பான். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் போய் இழுத்துப் பங்கு கொடுத்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி எழுந்தது. பையனுக்குச் சொல்வதா, வேண்டாமா?

"சொல்லக் கூடாது" என்றார் தகப்பனார். "தெரிஞ்சா ஓடி வந்துடுவான். வந்தா எல்லாம் போச்சு."

"சொல்லாம எப்படி இருக்கிறது?" என்றாள் தாயார்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் படித்தவன் அல்லவா? தீர யோசிப்பதுபோல் யோசித்து, தகப்பனார் பக்கமே தீர்ப்புச் சொன்னேன். "எல்லோரும் சௌக்கியம். படகுக்குச் சேதம் இல்லை. ஊரில் தண்ணீர் வடிந்துவிட்டது" என்று என் கையாலேயே கடிதம் எழுதி, அவர்கள் பெயரையும் நானே அடியில் எழுதித் தபாலில் போட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் ஏறக்குறைய உண்மை. மொத்தத்தில் அது பொய்.

10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பையன் பேசினான். பத்திரிகையில் சென்னையைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு வாரமாகத் தவித்திருக்கிறான். நாங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் இதுவரையில் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வாரம் பிள்ளை எங்களுக்காகக் காத்திருந்தான். "அப்பா நல்லா இருக்கார்" என்றாள் தாயார். தகப்பனாரும் இடது கையால் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாகப் பேசினார். காரியம் ஜயமாயிற்று என்று எண்ணினோம்.

பதினைந்து நாள் கழித்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இருந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தத் தகப்பனார் சிறு பையனாக இருந்தபோது அறிவொளி வகுப்பில் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவர். அதில் அவருக்கு மிகுந்த பெருமை. யார் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் அடியில் தம் பெயரைத் தாமே கோணல்மாணலாக எழுதுவார். புயலுக்குப் பிறகு வந்த கடிதத்தில் அந்தக் கையெழுத்து இல்லை. அதைப் பார்த்தது முதல் பையனுக்குத் தூக்கம் இல்லை. அப்பாவுக்கு என்ன, கையா, கண்ணா, இல்லை, அதைவிடப் பெரிதாக ஏதாவதா? பேசினது அப்பாவின் குரல்தான். ஆனால் எதையோ மறைத்துப் பேசிய குரல். "சார், எனக்கு எது வந்தாலும் தாங்கிக்கொள்ளத்தான் இங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். தெரியாமல் இருப்பதைத் தாங்குவதற்கு மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை" என்று முடித்திருந்தான்.

உபாத்தியாயர் மாணாக்கனிடம் பாடம் கற்பது உண்டு. ஆனால் இவ்வளவு வெட்கத்தோடு நான் கற்றதில்லை. அன்றே உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். எந்த விரல், எவ்வளவு காயம், எத்தனை நாளில் ஆறும், பாட்டை யார் பார்த்துக்கொண்டார்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதெல்லாம் எழுதினேன். அடியில் தகப்பனார் இடது கையால் தம் பெயரை எழுதினார். அது எழுத்தாகவே இல்லை. நண்டு ஊர்ந்ததுபோல் இருந்தது. பையன் ஓடி வரவில்லை. "அப்பா கையெழுத்து முன்னைவிட நன்றாக இருக்கிறது" என்று பதில் எழுதினான்.

மற்ற பெற்றோர்கள்

இந்த மாதிரி வேதனை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதா? நமது சுதந்திரப் போராட்டத்தின் சரித்திரத்திலேயே இதற்கு இடம் உண்டு. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை ஏற்படுத்தினார். அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் வளர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவர் இளம் வயதிலேயே சேர விரும்பினார். தகப்பனார் முதலில் கண்டிப்பாக ஆட்சேபித்தார். வெகு நேரம் மன்றாடிய பிறகே சம்மதித்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று மலேசியாவில் பெரும் புகழ் பெற்றார். 2000ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது கொடுத்துக் கௌரவித்தது. மகளுடைய வீரத்தை நாம் கொண்டாடுகிறோம். சம்மதம் கொடுத்த அன்று அந்தத் தகப்பனார் எப்படித் தூங்கியிருப்பார் என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் 1967 முதல் ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் தேசிய சேவை கட்டாயம். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகப் பழகிப் போன அனுபவம். தெக்கோங் என்னும் தீவில் ஆரம்பப் பயிற்சி நடக்கிறது. அங்கே ஓர் அழகான வழக்கம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை சேரும் அன்று பெற்றோர்களும் கூடவே படகேறித் தீவுக்குப் போகலாம். பிள்ளை படுக்கப் போகும் அறையைப் பார்க்கலாம். அவன் சாப்பிடப் போகும் சாப்பாட்டை அவனோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அதன் பிறகு பெற்றவர்கள் திரும்பும்போது மனத்தில் ஒரு படம் இருக்கும். பிள்ளை எங்கே படுத்திருக்கிறான் என்று இரவில் நினைக்கும்போது அந்தப் படம் துணையாக வரும். மனிதர்களின் மனத்தை அறிந்து செய்த ஏற்பாடு!

நமது நாடு பெரியது. நான்கு மூலையிலிருந்தும் வரும் பெற்றோர்களைச் சில்காவில் உட்காரவைத்துச் சோறு போடுவது ஆகிற காரியமா? ஆகாது. ஆனால் அந்தப் படத்தைக் கடிதத்திலும் அனுப்பலாம். "உங்கள் பிள்ளை காலையில் இத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான்; இன்னது சாப்பிடுகிறான்; இந்த வாரம் இதைக் கற்றுக்கொண்டான்" என்று அவரவர் தாய்மொழியில் வாரம் ஒரு காகிதம் வந்தால் எத்தனை வீடுகளில் நிம்மதி பிறக்கும்! தேசத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்குத் தேசம் கொடுக்கக்கூடிய மிக மலிவான மரியாதை அது.

அதுவரையில் பெற்றோர்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. நான் கண்டவற்றைச் சொல்கிறேன். கடிதத்தில் புத்திமதி வேண்டாம். ஊர்ச் சமாசாரம் எழுதுங்கள். எந்த வீட்டில் ஆடு குட்டி போட்டது, எவன் வலையில் கொடுவா அகப்பட்டது என்ற செய்தி ஆயிரம் அறிவுரைக்குச் சமம். பேசும் நேரம் குறைவாக இருந்தால் கேள்விகளை முன்னதாகவே ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "எப்போது வருவாய்?" என்று கேட்காதீர்கள், அவன் கையில் இல்லாததைக் கேட்பதில் என்ன பயன்? கெட்ட செய்தியை மறைக்காதீர்கள். அளவோடு, முழு விவரத்தோடு, என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியாக, காத்திருக்கிறவர்களைத் தனியாக விடாதீர்கள். எங்கள் அம்மாளைத் தேற்றியது என் தேசப்படமும் அல்ல, கடிதமும் அல்ல. தினம் மீன் கூடையோடு பொன்னேரிக்குப் பஸ்ஸில் போகும் பெண்கள் அவளையும் விடாமல் இழுத்துக்கொண்டு போனார்களே, அதுதான்.

வெள்ளை உடுப்பு

2024ஆம் வருஷம் மார்ச் மாதம் பயிற்சி முடிந்தது. அணிவகுப்பைப் பார்க்கப் பெற்றோர் இருவரும் கடன் வாங்கிக்கொண்டு ரயிலேறினார்கள். அந்த அம்மாள் ஆந்திர தேசத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

திரும்பி வந்ததும் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், எல்லோரும் ஒரே வெள்ளை உடுப்பில், ஒரே உயரம்போல், ஒரே தலையோடு அணி அணியாக வந்தார்கள். அவளுக்குத் தன் பிள்ளை யார் என்று தெரியவில்லை. பெற்ற வயிற்றுக்கே அடையாளம் தெரியவில்லையே என்று அழத் தொடங்கிவிட்டாள். "அதோ, மூணாவது வரிசையில" என்று தகப்பனார் ஆறின கையை நீட்டிக் காட்டினார். எப்படித் தெரிந்தது? "நடையைப் பாரு. படகுல நின்ன காலு" என்றாராம்.

அணிவகுப்பு முடிந்தபின் மூவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். தகப்பனார் குனிந்து தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். "உப்பு நம்ம ஊரைவிடக் கம்மி" என்றார். பிறகு, "நல்ல ஏரிதான்" என்றார். நாலு மாதமாக மனத்தில் இருந்ததையெல்லாம் அவர் அந்த இரண்டு வார்த்தையில் இறக்கி வைத்துவிட்டார் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம்.

பையன் விடுமுறையில் வந்து, திருத்தணிக்குப் போய் வளர்ந்த கொஞ்சம் முடியைக் கொடுத்துவிட்டு, மேற்படிப் பயிற்சிக்குப் போய்விட்டான். இப்போது கப்பலில் இருக்கிறான். 2027இல் நான்கு வருஷத் தவணை முடியும். நூற்றில் இருபத்தைந்தில் அவன் ஒருவனாக இருப்பானா, அல்லது எழுபத்தைந்தில் ஒருவனாகக் கரைக்குத் திரும்புவானா? அது யாருக்கும் தெரியாது. தகப்பனார் பழைய படகை விற்காமல் வைத்திருக்கிறார். கேட்டால், "இருக்கட்டும் சார்" என்கிறார்.

சென்ற வாரம் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். கடற்படையில் பெண்களையும் மாலுமிகளாகச் சேர்க்கிறார்கள் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அணியில் 272 பெண்கள் இருந்தார்கள். இவளுடைய தாயாரும் உடன் வந்திருந்தாள். முகத்தில் அதே பயம். காகிதத்தை நான் படித்துச் சொல்லத் தொடங்கவில்லை. "முதலில் அந்த வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் பேசிவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினேன்.

சாயங்காலம் அந்த வழியாகப் போனேன். இரண்டு பெண்களும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பதினாறு வாரம் எப்படிக்கா இருந்தே?" என்று வந்தவள் கேட்டாள்.

"அரிசியைக் கொஞ்சம் குறைச்சுப் போடக் கத்துக்கோ, முதல்ல" என்றாள் இவள். "அப்புறம், எதுவானாலும் அவகிட்ட மறைக்காதே. மீதியெல்லாம் தானா வரும். நான் இருக்கேன், வா."